இணுவிலில் இருந்து லண்டன் கணக்கு: ஒரு சிம், ஒரு பட்டன் போன், ஒரு காட் ரீடர்

இங்கிலாந்தில் உள்ள என் வங்கிக் கணக்கிலிருந்து நான் அனுப்பிய 50 பவுண் சென்ற வாரம் யாழ்ப்பாணத்துக் கணக்குக்கு வந்துவிட்டது. தொகை பெரிதல்ல. ஆனால் இணுவில் வீட்டு விறாந்தையில் இருந்தபடி, லண்டனில் வேலைக்குப் போகிற மகனைத் தொந்தரவு செய்யாமல், நானே உள்நுழைந்து நானே அனுப்பினேன். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த கணக்கு இது. வெளிநாட்டில் உழைத்து ஓய்வுபெற்று ஊரோடு வந்து இருப்பவர்கள் இப்போது எங்கள் பக்கத்தில் பலர். அவர்களில் எத்தனையோ பேர் இதே பூட்டுக்கு முன்னால் நிற்கிறார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஓய்வூதியத்தை இங்குள்ள கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லலாமே என்று கேட்பார்கள். அதற்கும் வழி உண்டு. நான் அப்படிச் செய்யாததற்குக் காரணம் 2022. அந்த ஆண்டு மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்டபோது 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. கையில் இருந்த முழுவதையும் ரூபாவில் வைத்திருந்தவர்கள் பட்டபாட்டைப் பார்த்தேன். அதனால் பணம் அங்கேயே பவுணாக இருக்கட்டும், தேவைக்கு மட்டும் இங்கே எடுக்கலாம் என்று முடிவுசெய்தேன்.

இன்னொன்றையும் ஊருக்குத் திரும்ப நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பிரித்தானிய அரச ஓய்வூதியம் அங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். இலங்கையில் குடியிருப்பவருக்குக் கூடாது. வந்து சேர்ந்தபோது என்ன தொகையோ அதுவேதான் தொடரும். ஒரே வைத்தியசாலை வாட்டில் என்னோடு இரவுக் கடமை செய்து, ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்புறுதியை அதே அளவு கட்டியவளுக்கு அங்கே கூடுகிறது. எனக்கு இங்கே கூடுவதில்லை. இது சரியல்ல என்று நான் எவரிடமும் சொல்வேன். அப்படி உறைந்துபோன தொகையில் கட்டணம் என்ற பெயரில் போகிற ஒவ்வொரு பவுணும் எனக்குக் கணக்கு.

கணக்கு பூட்டுப்பட்ட கதை இதுதான். ஒரு மழைநாளில் சார்ஜில் போட்டிருந்த கைத்தொலைபேசி இடி மின்னலோடு செத்துப்போனது. புதிய தொலைபேசி வாங்கி வங்கியின் செயலியை இறக்கினேன். இது புதிய கருவி, பதிவில் உள்ள கைத்தொலைபேசி இலக்கத்துக்கு ஓடிபி அனுப்பியிருக்கிறோம் என்றது. பதிவில் இருந்தது என் பழைய இங்கிலாந்து இலக்கம். அந்த சிம் அலுமாரிக்குள் ஒரு கடித உறையில் இருந்தது. எடுத்துப் போட்டால் வலையமைப்பே வரவில்லை. முற்பணச் சிம்களை நெடுங்காலம் பயன்படுத்தாவிட்டால் இலக்கத்தைத் துண்டித்துவிடுவார்கள். என்னுடைய வலையமைப்பில் கெடு 6 மாதம். அந்தக் காலத்துக்குள் கட்டணம் வெட்டுப்படும் ஒரு செயலாவது நடக்க வேண்டும்: ஓர் அழைப்பு, அல்லது ஒரு குறுஞ்செய்தி. மீதிப் பணம் இருப்பது மட்டும் போதாது.

முதலில் எல்லோரும் சொல்லும் சுலபமான வழிகளைப் பார்த்தேன். இலங்கை இலக்கத்தையே பதியலாமா என்றால், இணையப் படிவம் +94 என்று தொடங்கும் இலக்கத்தை ஏற்கவில்லை. சில வங்கிகள் ஏற்கின்றன. என் வங்கி ஏற்கவில்லை. விபிஎன் போட்டு லண்டனில் இருப்பதுபோலக் காட்டலாம் என்று பெறாமகன் ஒருவன் சொன்னான். அது எனக்கு உதவவில்லை. மேலதிகப் பாதுகாப்புச் சோதனை ஒன்றைத்தான் கிளப்பிவிட்டது. இருக்கும் இடத்தை வங்கியிடம் மறைப்பது எப்படியும் நல்லதல்ல. குடிபெயர்ந்ததை ஒளித்தார்கள் என்று தெரிந்தால் கணக்கையே மூடிவிட அவர்களுக்கு அது போதும். மகனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்து அவனைப் பார்க்கச் சொல்வது மூன்றாவது யோசனை. பெற்ற பிள்ளையானாலும் வங்கி விதிப்படி அது கூடாது. பின்னால் பணம் களவுபோனால் நம் பக்கம் நியாயம் நிற்காது.

ஆக, புதிய இங்கிலாந்து சிம்தான் வழி. அதை மகன் அங்கே வாங்கினான். சிம் இலவசம், 10 பவுண் ரீலோட் போட்டான். இந்த இடத்தில் வரிசை முக்கியம். சிம்மை உறை பிரிக்காமல் இங்கே அனுப்பக் கூடாது. அங்கேயே ஒரு தொலைபேசியில் போட்டு, இயக்கி, ஓர் அழைப்பு எடுத்து, ரோமிங் திறந்திருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகுதான் கழற்ற வேண்டும். சில சிம்கள் முதன்முதலில் இங்கிலாந்து வலையமைப்பில் பதிந்தால்தான் வெளிநாட்டில் உயிர்பெறும். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பெறாமகனின் கையில் அது வந்து சேர்ந்தது.

சிம்மை என் புதிய தொலைபேசியில் இரண்டாவது சிம்மாகப் போடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நான் போடவில்லை. இங்கிலாந்து முற்பணச் சிம்மில் இலங்கைக்கான ரோமிங் டேட்டா மிக விலை. தெரியாமல் ஒரு பொத்தான் அழுந்தினால் 10 பவுணும் கண்மூடித் திறப்பதற்குள் கரைந்துவிடும். அதைவிட, ஒரு தொலைபேசி செத்ததால் வந்த வினைக்கு இரண்டு சாவியையும் மறுபடி ஒரே தொலைபேசியில் தொங்கவிடுவது மருந்தல்ல. வீட்டில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. டேட்டா என்ற பேச்சுக்கே இடமில்லாதது. ஒருமுறை சார்ஜ் செய்தால் நாட்கணக்கில் நிற்கும். ஓடிபி வாங்க அதைவிடத் தகுந்த கருவி இல்லை.

அதன் பின்மூடியைத் திறந்தபோது பிஎல் 5சி பேட்டரி நடுவில் வீங்கியிருந்தது. மேசையில் வைத்துச் சுழற்றினால் பம்பரமாகச் சுற்றியது. வீங்கிவிட்டது என்பதற்கு அதுவே சோதனை. அப்படிப்பட்டதை மீண்டும் சார்ஜில் போடக் கூடாது. யாழ் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தொலைபேசி திருத்தும் கடைக்குப் போனேன். "அன்ரி, இதே அளவில் இரண்டு தரம் இருக்கிறது. மலிவானது ஆறு மாதத்தில் மறுபடி வீங்கும்" என்று கடைத் தம்பி உண்மையைச் சொன்னான். 750 ரூபா கொடுத்து நல்லதை வாங்கினேன். பழையதை அவனிடமே கொடுத்துவிட்டேன். வீட்டுக் குப்பையோடு எரிக்கிற சாமான் அல்ல அது.

சிம்மைப் போட்டதும் வலையமைப்பு தானாக வரவில்லை. அமைப்புகளுக்குள் போய், வலையமைப்புத் தெரிவைத் தானியங்கியிலிருந்து மாற்றி, தேடச் சொன்னால் இலங்கை நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து பார்த்ததில் ஒன்று ஏற்றுக்கொண்டது. அறைக்குள் சிக்னல் ஒரு கோடுதான். விறாந்தை யன்னல் கட்டில் வைத்தால் மூன்று கோடு. அந்த இடத்தைவிட்டு அதை நான் இப்போது நகர்த்துவதில்லை.

அடுத்ததாகக் குரலஞ்சல் (வொயிஸ்மெயில்). ரோமிங்கில் இருக்கும் தொலைபேசிக்கு யாராவது அழைத்து, நாம் எடுக்காவிட்டால், அழைப்பு குரலஞ்சலுக்குத் திரும்பும். அந்தத் திருப்பலுக்கும் நம்மிடமே காசு வெட்டுப்படலாம். ##002# என்று அழுத்தி அழைப்புப் பொத்தானைத் தட்டினால் எல்லாத் திருப்பல்களும் நீங்கும். அதைச் செய்த பிறகு, மகனை ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் சொன்னேன். வந்தது. மீதியைப் பார்த்தேன், ஒரு பென்ஸ்கூடக் குறையவில்லை. என் சிம்மில் வரும் குறுஞ்செய்திக்குக் கட்டணம் இல்லை. பதிலுக்கு நான் அனுப்பியதற்குத்தான் வெட்டியது. அந்த ஒரு குறுஞ்செய்தியே இலக்கத்தை அடுத்த 6 மாதத்துக்கு உயிரோடு வைத்திருக்கும்.

இனி வங்கிக்குப் புதிய இலக்கத்தைச் சொல்ல வேண்டும். இங்கேதான் காட் ரீடர் வருகிறது. சிறிய கல்குலேட்டர் போன்ற கருவி. வங்கி அட்டையைச் செருகி இரகசிய இலக்கத்தை அழுத்தினால் 8 இலக்கக் குறியீடு ஒன்றைக் காட்டும். அதற்கு இணையமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இங்கிலாந்தில் இருந்தபோது எரிச்சலாகத் தெரிந்த இந்தப் பொருள் யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்குப் பொன். இப்போது பல வங்கிகள் செயலி போதும் என்று இதைக் கைவிடுகின்றன. உங்களிடம் ஒன்று இருந்தால் எறிந்துவிடாதீர்கள்.

என்னுடையதை எடுத்தால் திரை இருண்டு கிடந்தது. பின்பக்கச் சிறு மூடியைத் திறந்தபோது உள்ளே பொத்தான் பேட்டரிகள் கசிந்து, தகட்டு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. வெக்கையும் உப்புக்காற்றும் உள்ள ஊரில் பேட்டரியோடு கருவியை மூடிவைத்தால் இப்படித்தான் ஆகும். பேட்டரிகளைக் குச்சியால் நெம்பி எடுத்தேன். காதுத் துடைப்பானை வினாகிரியில் தோய்த்துப் பிழிந்து, ஈரம் சொட்டாத அளவில் தகடுகளைத் தொட்டுத் துடைத்தேன். பூப்பு இளகிய பிறகு வெறும் தண்ணீரில் ஒற்றி, காயவிட்டு, பென்சில் அழிறப்பரால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். ஒரு தகடு தாழ்ந்து போயிருந்தது. ஊசி முனையால் மெல்லத் தூக்கிவிட்டேன். ஒரு பகல் முழுக்கக் காய்ந்த பின்னர், பழைய பேட்டரிகளைக் கையோடு எடுத்துப்போய் மணிக்கூட்டுக் கடையில் அதே இலக்கம் பார்த்து வாங்கினேன். 300 ரூபா. அட்டையைச் செருகியதும் திரையில் எழுத்து வந்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

வங்கியின் இலவச இலக்கம் வெளிநாட்டிலிருந்து வேலைசெய்யாது. அட்டையின் பின்புறத்தில் +44 என்று தொடங்கும் இன்னொரு இலக்கம் இருக்கும். அதற்கே அழைக்க வேண்டும். கோடைகாலத்தில் நமக்கும் லண்டனுக்கும் 4½ மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 5½. அங்கே காலை 8 மணி என்றால் கோடையில் இங்கே பிற்பகல் 12.30. திறந்த முதல் நிமிடங்களில் அழைத்தால் காத்திருப்பு குறைவு. மாலையில் அழைத்துப் பார்த்ததில் இசையைக் கேட்டே ரீலோட் தீர்ந்தது. இந்த அழைப்புகளை இலங்கைச் சிம்மிலிருந்து எடுங்கள். இங்கிலாந்துச் சிம்மிலிருந்து எடுத்தால் ரோமிங் கட்டணம் பல மடங்கு.

அழைப்பில் பெயர், பிறந்த திகதி மட்டும் போதவில்லை. கடைசியாகப் போன நிலையான கொடுப்பனவு எது, எந்தத் திகதியில் ஓய்வூதியம் விழுந்தது, கணக்குத் தொடங்கிய கிளை எது என்றெல்லாம் கேட்டார்கள். பழைய கணக்குக் கூற்றுகளைக் கணினியில் சேமித்து வைத்திருந்ததால் பதில் சொல்ல முடிந்தது. பிறகு காட் ரீடரில் வந்த குறியீட்டைச் சொன்னேன். அதோடு புதிய இலக்கம் பதிவானது. சிறிது நேரத்தில் யன்னல் கட்டிலில் இருந்த பட்டன் போன் ஒலித்தது, ஓடிபி வந்திருந்தது. புதிய தொலைபேசியில் செயலி திறந்தது.

முகவரிப் பிரச்சினை அடுத்தது. நான் இலங்கையில் குடியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டதால் முகவரிக்கு ஆதாரம் கேட்டார்கள். மின்பட்டியல் இன்னும் காலஞ்சென்ற அம்மாவின் பெயரில் வருகிறது. எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளின் நிலை இதுதான். கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழை பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி அனுப்பினேன். அவர்களுடைய பட்டியலில் அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று திரும்பியது. கடைசியில் ஏற்றது எது என்றால், இங்குள்ள வங்கி ஆங்கிலத்தில் அச்சிட்டு முத்திரை குத்திக் கொடுத்த கணக்குக் கூற்று. 500 ரூபா கட்டணம். அதையே முதலில் அனுப்பியிருந்தால் கந்தோர் அலைச்சல் மிச்சமாகியிருக்கும். படிவத்தில் தபால் குறியீடு கட்டாயம் என்று நிற்கும். யாழ்ப்பாணத்துக்கு 40000 என்று போட்டால் ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஒழுங்கைக்கு வீட்டு இலக்கம் கிடையாது. முகவரியின் இரண்டாம் வரியில் கோயில் பெயரையும் இங்குள்ள கைத்தொலைபேசி இலக்கத்தையும் எழுதினேன். தபாற்காரர் அந்த இலக்கத்துக்கு அழைத்துவிட்டே வருகிறார்.

இந்தத் தபால் சரியாக வருவது வங்கிக்காக மட்டுமல்ல. ஓய்வூதியக்காரர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு இங்கிலாந்திலிருந்து உயிர்வாழ் சான்றிதழ்ப் படிவம் தபாலில் வரும். நிரப்பித் திருப்பி அனுப்பாவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படலாம். சாட்சிக் கையொப்பமிடுபவர் இங்கிலாந்துக்காரராக இருக்கத் தேவையில்லை. உங்கள் வைத்தியரே இடலாம். நான் மருதனார்மடத்தில் வழமையாகப் போகும் வைத்தியரிடம் வாங்கினேன். முகவரி மாறினால் வங்கிக்கு ஒன்றும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு ஒன்றுமாகத் தனித்தனியே அறிவிக்க வேண்டும். ஒன்று மற்றதற்குச் சொல்லாது.

கடைசிக் கட்டம் பணம் அனுப்புவது. இங்கே 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு திறக்கலாம். பவுணைப் பவுணாகவே வைத்து, வேண்டியபோது ரூபாவாக்கலாம். அதைத் திறந்து, 50 பவுண் பரீட்சார்த்தமாக அனுப்பினேன். போனது நடுவழியில் நின்று, கட்டணமும் குறைந்து, திரும்பி வந்தது.

காரணம் பெயர். இது தமிழருக்கே உரிய சங்கடம். இங்கிலாந்துக் கடவுச்சீட்டில் என் பெயர் முன்னும் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர் இடத்திலும் இருக்கிறது. இங்குள்ள வங்கிப் புத்தகத்தில் அப்பாவின் முதலெழுத்து முன்னும் என் பெயர் பின்னும். வங்கிக்கு இரண்டும் இரண்டு ஆட்கள். யாழ்ப்பாணக் கிளைக்குப் போய், பழைய தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் வைத்து, கணக்கின் பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுமையாக மாற்றக் கேட்டேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் செய்து தந்தார். திரையில் உள்ள பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசித்துச் சரிபார்த்த பிறகே எழுந்தேன். ஆங்கிலத்தில் ஒரு எச் கூடினாலோ குறைந்தாலோ மறுபடி அதே கதைதான்.

இன்னொன்று: இங்கிலாந்து வங்கிப் படிவம் ஐபான் (சர்வதேச வங்கிக் கணக்கு இலக்கம்) கேட்கும். இலங்கையில் ஐபான் முறை இல்லை. வங்கியை அடையாளம் காட்டும் சுவிஃப்ட் குறியீடு, கணக்கிலக்கம், கிளையின் பெயர் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். செயலியில் நாட்டை இலங்கை என்று முதலில் தெரிவுசெய்தால் அந்தக் கட்டமே மாறிவிடுகிறது. நாட்டைத் தெரிவுசெய்யாமல் கீழே கீழே தேடினால் ஐபான் இல்லாமல் நகரவே விடாது.

இரண்டாவதாக அனுப்பிய 50 பவுண்தான் இப்போது வந்து சேர்ந்தது. இரண்டு வங்கிகளுக்கும் நடுவில் நிற்கும் இடைவங்கி தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டதால் கையில் கிடைத்தது 43 பவுணும் சில்லறையும். அனுப்பும் வங்கியின் கட்டணம் வேறு. இந்தக் கட்டணங்கள் பெரும்பாலும் தொகை பெருகப் பெருகக் கூடுவதில்லை; 50க்கு வெட்டியதைத்தான் அநேகமாக 1,000க்கும் வெட்டும். ஆகவே மாதாமாதம் சிறிது சிறிதாக எடுப்பதை நிறுத்தி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பப்போகிறேன்.

செலவைக் கூட்டிப் பார்த்தால்: சிம்முக்கு 10 பவுண் (பெரும்பகுதி இன்னும் மீதி), போன் பேட்டரி 750, பொத்தான் பேட்டரி 300, இங்கிலாந்து அழைப்புகளுக்கு 1,500 அளவில், வங்கிக் கூற்றுக்கு 500. ரூபாவில் 3,050. திரும்பிவந்த முதல் 50 பவுணில் வெட்டுப்பட்டதுதான் இவற்றைவிட நெஞ்சைச் சுட்டது.

லண்டனை விட்டுப் புறப்பட இருப்பவர்களுக்குச் சொல்ல எனக்கு மூன்று காரியம் உண்டு. புறப்படுவதற்கு முன்னரே, ஒன்றல்ல, இரண்டு காட் ரீடர் கேட்டு வாங்குங்கள். ஒரே வங்கியின் எந்த ரீடரிலும் உங்கள் அட்டை வேலைசெய்யும். பேட்டரியைக் கழற்றி, தனிப் பையில் கொண்டுவாருங்கள். இரண்டாவது, சொத்து, நிதி விவகாரங்களை நம் சார்பில் பார்க்க அதிகாரம் தரும் நீடித்த தத்துவப் பத்திரத்தை (Lasting Power of Attorney) பிள்ளை ஒருவரின் பெயரில் எழுதிப் பதிவுசெய்துவிடுங்கள். நாளை எனக்கு நினைவு தடுமாறினால் மகன் சட்டப்படி என் கணக்கைப் பார்க்க அதுதான் வழி. இங்கிருந்து அதைச் செய்வது சுற்றுப்பாதை. நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். மூன்றாவது, உங்கள் வங்கி வெளிநாட்டில் குடியிருப்பவரை வைத்திருக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வங்கிக்கு வங்கி விதி வேறு. இல்லை என்றால் அங்கிருக்கும்போதே வைத்திருக்கிற வங்கிக்கு மாறலாம். இங்கே வந்த பிறகு புதுக்கணக்குத் திறப்பது மிகக் கடினம்.

என் வங்கி அட்டை வரும் ஆண்டு மார்ச்சில் காலாவதியாகிறது. புதிய அட்டை இந்த முகவரிக்கு வரும் என்று வங்கி உறுதி சொல்லியிருக்கிறது. அட்டை இல்லாவிட்டால் காட் ரீடரும் இல்லை. அதனால் ஜனவரியிலேயே இணுவில் உப தபாற்கந்தோரில் சொல்லிவைத்துவிட்டு, பெப்ரவரி நடுவில் வரவில்லை என்றால் +44 இலக்கத்துக்கு மறுபடி அழைப்பதாகத் திகதி குறித்து, நாட்காட்டியில் சிவப்பில் எழுதியிருக்கிறேன். பக்கத்திலேயே, சிம்மிலிருந்து மகனுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டிய திகதிகளும் இருக்கின்றன: 6 மாதம் என்று கெடு இருந்தாலும் 4 மாதத்துக்கு ஒன்று.